வரைபடத்துப் புள்ளியும் வாய்ச்சொல்லும்

உயிர்த்தெழுந்த இயேசுவோடு இரண்டு சீடர்கள் பேசிக்கொண்டே நடந்துபோன எம்மாவு எங்கே இருக்கிறது? கைப்பேசியில் ஒரு வேதாகம வரைபடச் செயலியைத் திறந்தால் எருசலேமுக்கு மேற்கே ஒரு புள்ளி தெரியும். வேறொரு செயலியில் அதே புள்ளி இன்னோர் இடத்தில் இருக்கும். லூக்கா நற்செய்தியின் பெரும்பாலான கையெழுத்துப் படிகள் தூரத்தை 60 ஸ்தாதி என்கின்றன. அதாவது சுமார் 11 கிலோமீட்டர். சீனாய்ச் சுவடி உள்ளிட்ட சில பழைய படிகளில் அது 160 ஸ்தாதி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் யூசேபியு, அப்போது நிக்கொப்போலி எனப்பட்ட இம்வாஸ் ஊரைக் காட்டினார். சிலுவைப் போர்க் காலத்தவர் அபூ கோஷில் கோயில் எழுப்பினார்கள். பிரான்சிஸ்கன் துறவியர் எல்-குபைபாவைப் போற்றினார்கள். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு தந்த ஒரு குறிப்பைக் கொண்டு, எருசலேமுக்கு மிக அருகிலுள்ள மோத்சாதான் என்று சொல்வோரும் உண்டு.

இத்தனை வாதமும் ஒரே ஒரு புள்ளிக்குள் மறைந்துவிடுகிறது. அந்தப் புள்ளியைப் படம் பிடித்து வாட்ஸாப் குழுவில் ஒருவர் போடுகிறார். வேறு புள்ளியைப் பார்த்த இன்னொருவர் மறுக்கிறார். சிறிது நேரத்தில் பேச்சு ஊரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறது. யாருக்கு வேதம் தெரியும், யாருக்கு விசுவாசம் இருக்கிறது என்று போய்விடுகிறது. வேதாகம வரைபடக் கருவிகள் எவ்வளவு தரமானவை என்பதும், கிறிஸ்தவர்கள் இணையத்தில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதும் தனித்தனிக் கேள்விகளாகவே கருதப்படுகின்றன. என் கணிப்பில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று. ஒரு செய்தி எவ்வளவு உறுதியானது என்பதை மறைக்காமல் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் பேச்சில் கனிவும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

இந்தப் பழக்கத்துக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். யூசேபியு தொகுத்த வேதாகம இடப்பெயர் அகராதியில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பதிவுகள் இருக்கின்றன. அறிஞர் எரோணிமு அதை 390ஐ ஒட்டி லத்தீனில் ஆக்கினார். தமக்குத் தெரிந்த ஊரென்றால், எந்த நகரத்திலிருந்து எத்தனையாவது மைல்கல்லில் இருக்கிறது என்று யூசேபியு எழுதுவார். தெரியாத ஊரென்றால் அது எந்தக் கோத்திரத்துக்குரியது, எந்த நூலில் வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வார். இடத்தை இட்டுக்கட்டுவதில்லை. இன்றைய பல செயலிகளில் இல்லாத நேர்மை அது.

யோர்தான் நாட்டின் மாதபா நகரத்தில், புனித ஜார்ஜ் ஆலயத் தரையில், 6ஆம் நூற்றாண்டு மொசைக் வரைபடம் ஒன்று இருக்கிறது. புனித நாட்டின் வரைபடங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது இதுவே. கெராக்கிலிருந்து வந்து குடியேறிய அரபுக் கிறிஸ்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலயம் கட்டப்போன இடத்தில் வெளிப்பட்டது. மேலே கிழக்கு, கீழே மேற்கு என்று அமைந்த படம். நடுவில் எருசலேம், அதன் தூண் வரிசைகளோடும் வாயில்களோடும். யோர்தான் ஆற்றில் நீந்திவரும் மீன் ஒன்று சாக்கடலின் உப்பைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்த்திசையில் போகிறது. அதைப் பதித்த கைவினைஞர் அந்த நிலத்தை அறிந்தவர் என்பதற்கு அந்த ஒரு மீன் போதும். எழுத்துகள் கிரேக்கம். பல பெயர்கள் யூசேபியுவின் அகராதியை ஒட்டிப் போகின்றன.

வேதாகமத்துக்குள் அச்சான முதல் வரைபடம் 1525இல் சூரிக் நகரத்தில் புரோஷவர் வெளியிட்ட பழைய ஏற்பாட்டில் வந்தது. ஓவியர் லூக்காஸ் கிரனாக் வரைந்த விடுதலைப் பயண வழி. மரக்கட்டை இடவலம் மாறி அச்சானதால் மத்தியதரைக் கடல் பாலஸ்தீனத்துக்குக் கிழக்கே போய்விட்டது. யாரும் கவனிக்காமலே நூல் வெளியாகிவிட்டது. வேதத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட தாளுக்கு வேதத்தின் அதிகாரம் ஒட்டிக்கொள்ளும் என்பதை அப்போதே பார்க்கலாம்.

நவீன இட அடையாளங்களின் பெரும்பகுதி 1838இல் தொடங்குகிறது. அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன், பெய்ரூத்தில் பணியாற்றிய அரபு அறிந்த மிஷனரி எலி ஸ்மித்தோடு அந்த நாட்டில் பயணம் செய்தார். துறவு மடங்களின் மரபுக் கதைகளை ஒதுக்கிவிட்டு, உழவர்களிடமும் ஆட்டிடையர்களிடமும் ஊர்ப்பெயர் கேட்பதே அவர்கள் முறை. பெய்த்தீன் என்ற ஊரில் பெத்தேலைக் கண்டார்கள். அனாத்தாவில் எரேமியா பிறந்த ஆனதோத், செய்லூனில் சீலோ, முக்மாஸில் மிக்மாஸ். அடுத்து, 1865இல் லண்டனில் தொடங்கிய பாலஸ்தீன ஆய்வு நிதியம் 1871 முதல் 1877 வரை மேற்குப் பாலஸ்தீனத்தை அளந்தது. கான்டர், கிட்ச்னர் என்ற இரண்டு ராணுவப் பொறியாளர்கள் முன்னின்றார்கள். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் 26 தாள்களாக 1880இல் வெளிவந்த அந்தப் படம்தான் இன்றும் பல கருவிகளின் அடித்தளம். சுமார் 9,000 இடப்பெயர்களைத் திரட்டினார்கள்.

அந்தப் பெயர்களைச் சொன்னவர்கள் யார்? அரபு பேசிய கிராமத்தார், பெரும்பாலும் முஸ்லிம்கள், ஓரளவு கிறிஸ்தவர்கள். படித்தவர்கள் கைவிட்ட பெயர்களை அவர்களுடைய நாக்கு நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருந்தது. நாம் இன்று தட்டிப் பார்க்கும் புள்ளிகளில் நூற்றுக்கணக்கானவை அவர்களுடைய ஞாபகத்திலிருந்து வந்தவை. வேதாகம இடங்களைப் பகிர்ந்துகொண்டே அந்த மக்களை இழிவாகப் பேசும் பதிவுகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. வாங்கிய இடத்தையே பழிக்கும் செயல் அது.

பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது என்பதை அகழாய்வு கற்றுக்கொடுத்தது. வேதாகமத்து லாகீசு என்று எண்ணி 1890இல் அகழாய்வாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியது தெல் எல்-ஹெசி மேடு. பிறகு அறிஞர் ஆல்பிரைட் தெல் எத்-துவைரைக் காட்ட, புள்ளி அங்கே நகர்ந்தது. எல்-ஜிப் மேட்டில் 1956 முதல் பிரிட்சர்ட் நடத்திய அகழாய்வில் கிபியோன் என்ற பெயர் கீறிய ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தபோது ராபின்சனின் ஊகம் உறுதியாயிற்று. தெல் மிக்னேயில் 1996இல் கிடைத்த கல்வெட்டு எக்ரோன் நகரத்தின் பெயரையும் அதன் அரசன் பெயரையும் சொல்லிவிட்டது. ஆக, சில ஊர்களுக்குத் தரையிலிருந்தே பெயர் கிடைத்திருக்கிறது. சிலவற்றுக்குப் பெயர் ஒலியும் பானை ஓடுகளின் காலமும் பொருந்துகின்றன. சிலவற்றுக்கு மரபு மட்டுமே துணை. மீதி வெறும் ஊகம். திரையில் நான்குக்கும் ஒரே சிவப்புப் புள்ளி.

இதைச் சரிசெய்ய முயன்ற கருவிகள் இருக்கின்றன. ஓப்பன்பைபிள் தளத்தின் புவியிடத் தரவு ஓர் ஊருக்கு அறிஞர்கள் சொன்ன எல்லா இடங்களையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆதரவு என்பதையும் காட்டுகிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தும் திறந்த உரிமத்தில் தருகிறது. மற்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாரிங்டன் நிலவரைபடத் தொகுப்பு 2000இல் வந்தது. அதிலிருந்து வளர்ந்த பிளேயடிஸ் தளம், பண்டைய இடம் ஒவ்வொன்றுக்கும் எந்தக் காலத்தில் எந்தப் பெயர் வழங்கியது என்று பிரித்து வைக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்ட ஆர்பிஸ், ரோமப் பேரரசின் சாலைகளிலும் கடல்வழிகளிலும் எந்தப் பருவத்தில் எத்தனை நாள் ஆகும், என்ன செலவாகும் என்று கணக்கிடுகிறது. குளிர்காலம் நெருங்கும்போது கப்பலேறிய பவுலின் கடைசிப் பயணத்தில் கப்பல் ஏன் உடைந்தது என்பது அதைப் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும்.

தரையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தரவுதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கருவிகளின் பெரிய கொடை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் உலகத்தின் பெரும்பகுதி நிலத்தை ரேடாரால் அளந்தது. அந்த அளவை வைத்து எருசலேம்-எரிகோ பாதையின் குறுக்குவெட்டை வரைந்து பாருங்கள். எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே 750 மீட்டருக்குக் குறையாத உயரம். எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். 30 கிலோமீட்டருக்குள் ஓராயிரம் மீட்டர் இறக்கம், அதுவும் மழை குறைந்த யூதேயப் பாலைவனத்தின் ஓடை வெட்டுகளினூடே. நல்ல சமாரியர் உவமையில் வழிப்போக்கன் எருசலேமிலிருந்து இறங்கிப் போனான் என்று ஏன் வருகிறது, கள்ளர் ஏன் அங்கே பதுங்கினார்கள், அடிபட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவது எவ்வளவு சிரமம் என்பதெல்லாம் கோடு இறங்குவதைப் பார்த்தாலே விளங்கும்.

செயற்கைக்கோள் படங்களுக்கு ஒரு வரலாற்றுக் குறை இருந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கச் சட்டமொன்று, அந்நாட்டு நிறுவனங்கள் இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதிகளின் துல்லியமான படங்களை விற்கத் தடை போட்டிருந்தது. 2 மீட்டருக்குக் குறைந்த பொருள் தெளிவாகத் தெரியாது. 2020இல்தான் அந்த வரம்பு 40 சென்டிமீட்டராகத் தளர்ந்தது. உலகத்தின் வேறு பகுதிகள் கூர்மையாகத் தெரிந்தபோது அந்த மண் மட்டும் மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

புள்ளிகளைவிடக் கோடுகள் அதிகம் ஏமாற்றும். பவுலின் மூன்று பயணங்களுக்கும் மூன்று வண்ணக் கோடுகள் வேதாகமத்தின் பின்பக்கத்தில் இருக்கும். பெர்காவிலிருந்து பிசிதியா அந்தியோக்கியாவுக்கு எந்த மலைப்பாதையில் ஏறினார் என்று திருத்தூதர் பணி நூல் சொல்வதில்லை. கோடு சொல்லிவிடுகிறது. விடுதலைப் பயணத்தின் வழியோ இன்னும் கடினம். எண்ணாகமம் 33இல் வரும் தங்குமிடங்களில் பெரும்பாலானவை எங்கே இருந்தன என்பது இன்றுவரை தீரவில்லை. சீனாய் மலை எது என்பதிலும் ஜெபல் மூசா, ஹர் கர்கோம், சவூதி அரேபியாவின் ஜபல் அல்-லாஸ் என்று போட்டி. ஜெபல் மூசாவின் அடிவாரத்தில் 6ஆம் நூற்றாண்டிலிருந்து மடம் இருக்கிறது. மற்ற இரண்டும் பிற்காலக் கருத்துகள். ஜபல் அல்-லாஸுக்கு அகழாய்வாளர்களிடையே ஆதரவு இல்லை.

வீடியோக்கள் நுழைவது இந்த இடத்தில்தான். அக்காபா வளைகுடாவின் அடியில் பார்வோனின் ரதச் சக்கரங்கள் கிடைத்ததாகச் சொல்லும் காணொளியை எங்கள் சபைக் குழுவில் ஒரு பெரியவர் அனுப்பினார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். "பொய், இதையெல்லாம் பரப்பாதீங்க" என்று ஒரு தம்பி உடனே எழுதினார். சொன்னது உண்மை. அப்படி ஒரு சக்கரம் எடுக்கப்பட்டு ஆய்வில் உறுதியானதே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் ஒரு சகோதரி எழுதினார்: "சார், இந்த வீடியோ எனக்கும் வந்துச்சு. சக்கரத்த யாரும் எடுத்து ஆராய்ஞ்ச மாதிரி தெரியல. ஆனா கடலக் கடந்த எடம் எதுன்னு மூணு நாலு கருத்து இருக்கு. நீங்க யாத்திராகமம் 14 நடத்தினா, நான் மேப் எடுத்துட்டு வரேன்." பெரியவர் பாடம் நடத்தினார். காணொளி சரியல்ல என்பதை வகுப்பில் தாமே சொன்னார்.

அந்தச் சகோதரியின் பதிலில் தளர்வு எதுவும் இல்லை. தவறு தவறென்றே சொல்லப்பட்டிருக்கிறது. செய்தியின் மேல் விழ வேண்டிய மறுப்பு மனிதர்மேல் விழவில்லை என்பதே வித்தியாசம். தமிழில் மரியாதைச் சொற்கள் நமக்கு நிறைய உண்டு. ஐயா, அண்ணாச்சி, அக்கா, பிரதர், சிஸ்டர் என்று அழைத்துவிட்டு அடுத்த வரியிலேயே "உங்களுக்கு வேதமே தெரியவில்லை" என்று எழுதுவதையும் தினம் பார்க்கிறோம். விளிச்சொல் மட்டும் பேச்சைக் காப்பாற்றாது.

நம் சபைகளில் சச்சரவுக்கு ஓர் உண்மையான காரணம் கையிலுள்ள வேதாகமமே வேறாக இருப்பது. பேய் பிடித்தவரும் பன்றிக் கூட்டமும் வரும் நிகழ்ச்சியைப் பாருங்கள். புரோட்டஸ்டண்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 8 கெர்கெசேனர் நாடு என்கிறது. மாற்கு 5, லூக்கா 8 இரண்டும் கதரேனர் நாடு என்கின்றன. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் மத்தேயுவில் கதரேனர், மாற்கிலும் லூக்காவிலும் கெரசேனர். ஒருவர் "கதரா என்று மாற்குவில் தெளிவாக இருக்கிறது" என்பார், மற்றவர் "கிடையாது, கெரசா" என்பார். இருவரும் தம் கையிலிருப்பதைச் சரியாகவே படிக்கிறார்கள். மூல கிரேக்கச் சுவடிகளே வேறுபடுகின்றன, இரண்டு மொழிபெயர்ப்புகளும் வெவ்வேறு சுவடி மரபைப் பின்பற்றின. அவ்வளவுதான்.

வரைபடம் இங்கே சமாதானம் செய்யும். கெரசா என்பது இன்றைய ஜெராஷ், கலிலேயக் கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு. பன்றிகள் அங்கிருந்து ஓடிவந்து ஏரியில் விழ முடியாது. ஆனால் அந்தப் பெருநகரத்தின் பெயர் சுற்றுவட்டாரத்துக்கே வழங்கியிருக்கலாம். கதரா என்பது இன்றைய உம் கைஸ், கரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இந்தத் தொலைவுச் சிக்கலை 3ஆம் நூற்றாண்டிலேயே கவனித்த இறையியலாளர் ஒரிஜன், கரையோரத்துக் கெர்கெசாவைச் சொன்னார். கிழக்குக் கரையில் குர்சி என்ற இடத்தில் 1970இல் சாலை போடும்போது பைசாந்தியக் கால மடமொன்று வெளிப்பட்டது. அக்காலத்துத் திருப்பயணிகள் எந்த இடத்தை நினைவுகூர்ந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. சம்பவம் நடந்த இடத்துக்கு அதையே சாட்சியாக நிறுத்த முடியாது. இவ்வளவையும் ஒரு திரையில், மூன்று நிறத்தில், எந்த மொழிபெயர்ப்பில் எந்தப் பெயர் என்ற குறிப்போடு காட்டினால் வாக்குவாதத்துக்கே வேலையில்லை.

திருச்சபைப் பிரிவுகளின் காயமும் வரைபடத்தில் பதிந்திருக்கிறது. மடத்து மரபுகளை ஒதுக்கிய ராபின்சன், திருக்கல்லறை ஆலயம் உண்மையான கல்வாரி அல்ல என்றார். 1883இல் எருசலேம் வந்த ஜெனரல் கார்டன் வடக்கு மதிலுக்கு வெளியே மண்டையோடு போன்ற ஒரு பாறையைக் கண்டு அதுவே கொல்கொதா என்று நம்பினார். அருகிலிருந்த தோட்டக் கல்லறையைப் புரோட்டஸ்டண்டுகள் பேணலானார்கள். பிற்கால ஆய்வில் தோட்டக் கல்லறையின் அமைப்பு இயேசுவுக்குப் பல நூற்றாண்டு முந்தையது என்று தெரிந்தது. திருக்கல்லறை ஆலயம் இருக்கும் இடம் பழைய கற்சுரங்கம் என்பதும், அக்கால மதிலுக்கு வெளியே இருந்திருக்கக்கூடும் என்பதும் அகழாய்வில் வலுப்பட்டன. இதை வைத்து "ஆர்.சி.க்காரர்கள் ஜெயித்தார்கள்" என்றோ, மறுபக்கம் "சிலை வணங்குகிறவர்கள் சொல்வதை நம்பாதே" என்றோ எழுதுகிறார்கள். பெந்தெகோஸ்தே சபையாரை "அல்லேலூயாக் கூட்டம்" என்று இளக்காரமாகச் சொல்வதும் அதே வகை. தோட்டக் கல்லறையில் வழிகாட்டும் தொண்டர்களோ இதுதான் அந்த இடம் என்று அடித்துச் சொல்வதில்லை. உயிர்த்தெழுதலை நினைத்து ஜெபிக்க ஓர் அமைதியான இடம் என்று வரவேற்கிறார்கள். தங்கள் புள்ளியைத் தாங்களே தளர்வாகப் பிடித்திருக்கும் அந்த மனப்பான்மையை நான் மதிக்கிறேன்.

வரைபடத்தில் உள்ள பெயர்கள் சிலருக்கு இன்றும் வீட்டு முகவரி. சமாரியர் என்றால் உவமையில் வரும் ஆள் என்றே பலர் நினைக்கிறார்கள். கெரிசிம் மலையிலும் டெல் அவீவ் அருகே ஹோலோனிலுமாக 800க்கும் மேற்பட்ட சமாரியர்கள் இன்றும் வாழ்கிறார்கள், பஸ்கா கொண்டாடுகிறார்கள். இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் குற்றம் சாட்டக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் அறிவித்தது. ஆனாலும் "யூதர்கள் கொன்றார்கள்" என்ற வாசகத்தோடு எருசலேம் படங்கள் பகிரப்படுகின்றன. யோவான் 11இல் இயேசு ஒதுங்கிப் போன எப்பிராயீம் ஊர் இன்றைய தைபே என்பது பரவலான கருத்து. ரமல்லாவுக்கு வடகிழக்கே உள்ள அந்தச் சிற்றூரின் குடிகள் கிறிஸ்தவர்கள், அரபு மொழியில் ஆராதிக்கிறவர்கள். யூசேபியு எம்மாவு என்று காட்டிய இம்வாஸோ, 1967 போரில் யாலோ, பைத் நூபா என்ற அண்டை ஊர்களோடு இடிக்கப்பட்டது. ஊரார் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு அங்கே பூங்கா அமைந்தது. எம்மாவு என்று அந்த இடத்தில் புள்ளி வைக்கும் கருவியில் இந்த வரலாறும் ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1940களின் ஆங்கிலேய ஆட்சிக்கால வரைபடங்களை இணையத்தில் ஏற்றியுள்ள பாலஸ்தீன் ஓப்பன் மேப்ஸ் தளத்தில் அந்த ஊர்களை அவற்றின் பழைய வடிவில் பார்க்கலாம்.

நாட்டின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். "இயேசு காலத்துப் பாலஸ்தீனம்" என்று பழைய வேதாகம வரைபடங்கள் தலைப்பிடும். ரோமர்கள் அந்த மாகாணத்துக்குச் சிரியா பாலஸ்தீனா என்று பெயரிட்டது 135ஐ ஒட்டி. இயேசுவின் காலத்துக்கு யூதேயா, சமாரியா, கலிலேயா, பெரேயா, தெக்கப்போலி என்பதே பொருந்தும். ஆனால் யூதேயா, சமாரியா என்பவை மேற்குக் கரைக்கு இன்றைய இஸ்ரேல் அரசு வழங்கும் பெயர்களும்கூட. எனவே படத்தின்மேல் எந்த நூற்றாண்டு என்று எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் நூற்றாண்டுப் படத்தை இன்றைய போருக்குச் சான்றாக யாராவது எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்கிறார்கள்.

தமிழில் இப்படி ஒரு கருவி செய்ய என்ன வேண்டும்? தமிழில் தேடுகிறவருக்கு இன்றைய நிலை கடினம். நாசரேத் என்று தட்டினால் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் முன்னால் வந்து நிற்கும். பழைய மொழிபெயர்ப்பின் கப்பர்நகூமைத் தட்டியவருக்குத் திருவிவிலியத்தின் கப்பர்நாகும் கிடைக்காது. பெத்சாயிதா, பெத்சாய்தா இரண்டுக்கும் இதே கதை. ஆகவே முதல் வேலை, ஒவ்வோர் ஊருக்கும் எல்லா மொழிபெயர்ப்புகளின் எழுத்து வடிவங்களையும் ஒரே பதிவில் சேர்ப்பது. எத்தனை இடங்கள் முன்வைக்கப்பட்டன, எது எவ்வளவு உறுதி என்ற தரவு திறந்த உரிமத்தில் ஏற்கெனவே கிடைக்கிறது. அதைத் தமிழாக்கினால் போதும். ஒரு செமினரி வகுப்பும் நாலைந்து கணினி மாணவர்களும் சேர்ந்தால் முடிகிற வேலை. இன்றைய ஊர்ப்பெயர்களுக்கு மட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதக்கூடாது. பெய்த்தீன், தைபே, முக்மாஸ் போன்றவற்றை அந்த ஊர்க்காரர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று அவர்களிடமே ஒலிப்பதிவு கேட்டுவாங்கி, தமிழில் எழுத வேண்டும்.